டர்க்கி தமிழ்ச் சொல்லா? ஒரு வான்கோழிப் பக்கமும் நான்கு சிவப்புக் கோடுகளும்

வாசகர் கடிதம்

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரையும் ஊரையும் விட்டுவிடுகிறோம். இருபது பறவைகளுக்கு ஆங்கிலப் பெயர் எப்படி வந்தது என்று பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு புத்தகம் எழுதி முடித்திருக்கிறார். பதிப்பகம் ஒப்பந்தம் போட்டு முன்பணமும் கொடுத்துவிட்டது. பத்தொன்பது பறவைகள் தடையில்லாமல் தாண்டிவிட்டன. கடைசிப் பறவையான டர்க்கியில், அதாவது நம் வான்கோழியில், பதிப்பாசிரியர் நான்கு இடங்களில் சிவப்புக் கோடு போட்டு, ஒவ்வொன்றின் ஓரத்திலும் 'ஆதாரம்?' என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

கோடு விழுந்த இடங்கள் இவை. ஒன்று, வான்கோழி துருக்கி நாட்டுப் பறவை, அதனால்தான் டர்க்கி என்று பெயர். பழைய ஆங்கில அகராதி ஒன்றே அப்படிச் சொல்கிறது. இரண்டு, உண்மையில் அந்தச் சொல் தமிழ்த் 'தோகை'. எபிரேய மொழியில் 'துக்கி' என்று புகுந்து, கொலம்பஸின் கப்பலில் போன மொழிபெயர்ப்பாளர் வாயால் டர்க்கி ஆனது. இது அவருக்கு வாட்ஸ்அப்பில் வந்த செய்தி. மூன்று, ஔவையார் பாட்டிலேயே வான்கோழி வருவதால் பறவையும் இங்கிருந்துதான் போயிருக்க வேண்டும். நான்கு, பறவையின் பெயரால் வந்த கேலியைத் தாங்காமல் துருக்கி 2022இல் தன் ஆங்கிலப் பெயரை மாற்றிக்கொண்டது; எனவே பறவைக்கும் இனி வேறு பெயர் வரும்.

"தமிழுக்குப் பெருமை தரும் ஒரு செய்தியைப் போட விடாமல் தடுக்கிறார்கள் என்று தோன்றுகிறது. புத்தகத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டு நானே அச்சிட்டால் என்ன? அவர்கள் பாட்டுக்கு அந்தப் பக்கத்தை வெட்டினால் எனக்கு ஏதாவது உரிமை இருக்கிறதா?" என்று கேட்கிறார்.

அகராதிப் பதிப்பாசிரியரின் பதில்

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தைத் திரும்பப் பெற வேண்டாம். இரண்டு பக்கத்தைத் திருத்தி எழுதினால் போதும். உங்கள் நான்கு கூற்றுகளில் முதலாவது பாதி சரி. இரண்டாவது வேறு பறவையின் பக்கத்துக்குப் போக வேண்டியது. மூன்றாவதைத் தலைகீழாகத் திருப்பினால் அருமையான செய்தி ஆகும். நான்காவது இரண்டு வரியில் முடியும். 'ஆதாரம்?' என்று எழுதியவர் தமிழுக்கு எதிரி இல்லை. பிள்ளைகளுக்கான புத்தகத்தில் வரும் பிழை பேச்சுப் போட்டி, வினாடி வினா என்று பத்து வருடம் சுற்றும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

தோகை வழி எங்கே அறுகிறது

உங்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்த கதையைச் சங்கிலி மாதிரிக் கண்ணி கண்ணியாக இழுத்துப் பார்க்க வேண்டும். ஆள் உண்மையானவர். லூயிஸ் தே டோரஸ் யூதராகப் பிறந்து கிறிஸ்தவரானவர், எபிரேயம் அறிந்தவர், 1492இல் கொலம்பஸோடு மொழிபெயர்ப்பாளராகப் போனவர். ஆனால் அவர் ஐரோப்பாவுக்குத் திரும்பவே இல்லை. ஹிஸ்பானியோலாத் தீவில் லா நவிதாத் கோட்டையில் விட்டுவரப்பட்ட 39 பேரில் அவரும் ஒருவர். 1493 நவம்பரில் கொலம்பஸ் மறுபடி போனபோது அவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை. ஒரு புதுச் சொல்லை ஐரோப்பாவில் பரப்ப இவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

அடுத்தது இடம். அந்தப் பயணம் பஹாமா, கியூபா, ஹிஸ்பானியோலா தீவுகளோடு நின்றது. வான்கோழி அந்தத் தீவுகளின் இயல்பான பறவை இல்லை. அதன் காட்டினம் வட அமெரிக்கப் பெருநிலத்தது. இன்னொரு சிற்றினம் யூகட்டான் தீபகற்பத்தில் வாழ்கிறது. மக்கள் அதை வீட்டுப் பறவையாகப் பழக்கியது மெக்சிகோவில், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்.

இவை இரண்டையும் விட வலுவான மறுப்பு ஸ்பானிய மொழியில் இருக்கிறது. கொலம்பஸின் கப்பலில் பிறந்த சொல் என்றால் அது முதலில் ஸ்பானியத்தில் பதிவாக வேண்டும். ஸ்பானியர் இந்தப் பறவையை 'பாவோ' என்றார்கள். அது லத்தீனில் மயிலின் பெயர். வான்கோழிக்கு அதைக் கொடுத்துவிட்டு, மயிலை 'பாவோ ரேயால்', அதாவது அரச பாவோ என்று பிரித்துக்கொண்டார்கள். மெக்சிகோவிலோ அஸ்டெக் மக்களின் நாவாட்டல் சொல்லிலிருந்து வந்த 'குவாஹொலோட்டே' இன்றும் வழங்குகிறது. துக்கி போன்ற ஒலியுள்ள பெயர் இரண்டிலும் இல்லை. அட்லாண்டிக்கைக் கடந்த சொல் ஸ்பெயினில் இறங்காமல் நேராக லண்டனில் போய் இறங்காது.

கடைசியாக எழுத்து. ஆங்கிலத்தின் பழைய வடிவங்கள் எல்லாவற்றிலும் நடுவில் 'ர்' இருக்கிறது. துக்கியில் அது கிடையாது. முதலில் பதிவான சொல்லும் வெறும் டர்க்கி இல்லை, 'டர்க்கி காக்'. அதாவது இடப்பெயரோடு சேவல். டர்க்கிக் கம்பளம் போல, மேற்கு ஆப்பிரிக்கக் கினியின் பெயரால் பின்னால் வந்த கினிக்கோழி போல, ஊர்ப்பெயரை ஒட்டவைத்த கூட்டுச்சொல் அது. 'காக்' பிற்காலத்தில் உதிர்ந்து ஊர்ப்பெயர் மட்டும் பறவையாக நின்றுவிட்டது. பறவை 'டர்க் டர்க்' என்று கத்துவதால் வந்த பெயர் என்று சொல்பவர்களுக்கும் இந்தப் பதில் பொருந்தும்.

உங்கள் செய்தியில் ஒரே ஒரு கண்ணி உறுதியானது. அதை வீணாக்க வேண்டாம். பைபிளில் முதலாம் இராஜாக்கள் 10:22, சாலொமோனுக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை தர்ஷீசின் கப்பல்கள் கொண்டுவந்த பொருள்களைச் சொல்கிறது: பொன், வெள்ளி, தந்தம், குரங்கு, கடைசியில் 'துக்கிய்யிம்'. இதை மயில்கள் என்று மொழிபெயர்ப்பது வழக்கம். அந்த எபிரேயச் சொல் தமிழ்த் தோகையே என்று கால்டுவெல் தம் 1856ஆம் ஆண்டு ஒப்பிலக்கணத்தில் எழுதினார். உலகின் எழுத்துப் பதிவுகளில் கிடைக்கும் மிகப் பழைய திராவிடச் சொல் அதுவாக இருக்கலாம் என்றும் கருதினார். பலர் ஏற்கிறார்கள். அது எகிப்திய மொழியில் ஒருவகைக் குரங்கைக் குறிக்கும் சொல் என்று மறுத்தவர்களும் உண்டு. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் பறவையே இல்லை, செதுக்கிய கற்கள் வருகின்றன. ஆகவே 'என்று கால்டுவெல் கருதினார்' என்று எழுதினால் யாரும் கோடு போட முடியாது. 'என்பது நிரூபணம்' என்று எழுதினால் மறுபடி சிவப்பு மைதான்.

ஆனால் இது மயில் பக்கத்துக்கு உரிய செய்தி. அங்கேயும் எச்சரிக்கை தேவை. ஆங்கிலப் 'பீகாக்'கின் முன்பாதி லத்தீன் பாவோவிலிருந்து வந்தது, துக்கியிலிருந்து வரவில்லை. தோகையின் முதற்பொருள் பறவை இல்லை, வால் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். தெலுங்கில் 'தோக' இன்றும் வால்தான். இன்னொரு வேடிக்கை: இன்றைய எபிரேயத்தில் துக்கி என்றால் கிளி.

அப்படியானால் எங்கிருந்து வந்தது

நீங்கள் மேற்கோள் காட்டிய பழைய அகராதி முழுப் பொய் சொல்லவில்லை. பெயர் துருக்கியிலிருந்து வந்தது, பறவை வரவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்ததுதான் முதல் சிவப்புக் கோட்டுக்குக் காரணம்.

ஆங்கிலத்தில் முதல் பதிவு 1541ஆம் ஆண்டினது என்பது பெரிய அகராதிகளின் கணக்கு. கேன்டர்பரி பேராயர் கிரான்மர், பாதிரிமார் விருந்தில் செலவைக் குறைக்க ஓர் ஒழுங்கு போட்டார். பெருங்கொக்கு, அன்னம், டர்க்கிச் சேவல் போன்ற பெரும் பறவைகளில் ஒரு தட்டுக்கு ஒன்றுதான் என்பது அதில் ஒரு விதி. அவர் சொன்ன டர்க்கிச் சேவல் எந்தப் பறவை என்று அந்தப் பட்டியலை வைத்துச் சொல்ல முடியாது. ஏனென்றால் அந்தக் காலத்தில் ஆங்கிலேயர் இரண்டு பறவைகளை அந்தப் பெயரால் அழைத்தார்கள். ஒன்று ஆப்பிரிக்கக் கினிக்கோழி. துருக்கிய ஆட்சிப் பகுதிகள் வழியாக வந்த பறவை என்று கருதப்பட்டது. இன்னொன்று ஸ்பானியர் மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்த புதுப் பறவை. ஆளுக்குச் சொட்டைத் தலை, கோழியை விடப் பெரிய உடம்பு, வெளிநாட்டுச் சரக்கு. சந்தையில் நின்றவனுக்கு அவ்வளவு போதுமாக இருந்தது.

கினிக்கோழியின் பெயர் தவறுதலாக வான்கோழிக்கு ஒட்டியது என்று சில அகராதிகள் சொல்லும். மத்தியதரைக் கடல் வணிகம் செய்தவர்கள் வான்கோழியையே கொண்டுவந்ததால் நேரடியாகப் பெயர் வந்தது என்று வேறு சில சொல்லும். இரண்டிலும் பெயரின் வேர் துருக்கிதான், வழிதான் வேறு. உங்கள் புத்தகத்தில் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கொடுங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உங்களுக்கு வேண்டாம்.

இந்த இடத்தில் பலர் தடுக்கி விழும் கல் ஒன்று உண்டு. 'டர்க்கி கம்பெனி கொண்டுவந்ததால் டர்க்கி' என்று எழுதிவிடுவார்கள். முதலாம் எலிசபெத் அந்தக் கம்பெனிக்குப் பட்டயம் கொடுத்தது 1581இல். அது வெனிஸ் கம்பெனியோடு சேர்ந்து லெவான்ட் கம்பெனி ஆனது 1592இல். சொல் அதற்கு நாற்பது ஆண்டு மூத்தது. 'துருக்கி வணிகர்கள்' என்று பொதுவாகச் சொல்லுங்கள், கம்பெனியைச் சொல்லாதீர்கள்.

அதேபோல, யார்க்‌ஷயரைச் சேர்ந்த வில்லியம் ஸ்ட்ரிக்லாந்து 1526இல் முதல் வான்கோழிகளை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார் என்று எங்கும் படிப்பீர்கள். அது குடும்ப மரபுக் கதை. உறுதியாகத் தெரிந்தது, 1550இல் அவர் பெற்ற குலச்சின்னத்தின் உச்சியில் ஒரு டர்க்கிச் சேவல் நிற்கிறது என்பது. பிள்ளைகளுக்கு அந்தச் சின்னமே சுவையான செய்தி.

புதிதாக வந்த பலவற்றுக்கும் துருக்கியின் பெயரை வைப்பது அன்றைய ஐரோப்பியப் பழக்கம். அமெரிக்காவிலிருந்து வந்த மக்காச்சோளத்தை ஆங்கிலேயர் 'டர்க்கிக் கோதுமை' என்றார்கள். இத்தாலியர் இன்னும் அதை 'கிரானோதுர்கோ', துருக்கித் தானியம் என்றே சொல்கிறார்கள். இந்த எடுத்துக்காட்டைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பறவையில் மட்டும் நடந்த தற்செயல் இல்லை என்பதை வேறெந்த விளக்கத்தையும் விடத் தெளிவாக இது காட்டும்.

மற்ற நாடுகள் யாரைக் கைகாட்டுகின்றன என்பதுதான் இந்தப் பக்கத்தின் உயிர். துருக்கிக்காரர் இந்தப் பறவையைத் தம் பறவை என்று சொல்வதில்லை. அவர்களுக்கு அது 'ஹிந்தி', இந்தியப் பறவை. பிரெஞ்சில் 'தாந்த்', 'இந்தியாவின்' என்று பொருள் தரும் தொடர் ஒட்டிப்போனது. போலந்தில் 'இந்திக்', ரஷ்யாவில் 'இந்தேய்க்கா', எபிரேயத்தில் 'இந்தியச் சேவல்'. டச்சுக்காரர் இன்னும் துல்லியமாகத் தவறு செய்தார்கள்: 'கல்கூன்', கள்ளிக்கோட்டைக் கோழி. வாஸ்கோ ட காமா 1498இல் இறங்கிய பிறகு ஐரோப்பாவில் கள்ளிக்கோட்டையின் பெயர் அவ்வளவு பிரபலம். டேனிய 'கல்குன்', ஃபின்னிய 'கல்க்குனா' எல்லாம் அதன் பிள்ளைகள். டச்சு ஆட்சி வழியாக அது இலங்கைக்கும் வந்து சிங்களத்தில் 'களுகும்' ஆயிற்று. போர்ச்சுகீசியர் 'பெரு' என்றார்கள். ஆனால் பெரு நாட்டில் இந்தப் பறவை இயல்பாக இல்லை. அதே போர்ச்சுகீசியச் சொல் இந்திக்குள் 'பீரூ' என்று வந்தது. மலாய்க்காரருக்கு அது 'ஆயாம் பெலாண்டா', டச்சுக் கோழி. கொண்டுவந்தவனைப் பார்த்தோ, எங்கிருந்து வந்தது என்று நினைத்தார்களோ அந்த இடத்தைப் பார்த்தோ இவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். மெக்சிகோவின் பெயரை இவர்களில் யாரும் வைக்கவில்லை.

அறிவியல் பெயரும் இந்தக் குழப்பத்தில் தப்பவில்லை. 1758இல் லின்னேயஸ் வான்கோழிக்கு 'மெலியாக்ரிஸ் காலோபாவோ' என்று பெயரிட்டார். மெலியாக்ரிஸ் என்பது கிரேக்கர் கினிக்கோழிக்கு வைத்திருந்த பெயர். காலோபாவோவைப் பிரித்தால் சேவல், மயில் இரண்டும் வரும். ஒரே பெயரில் மூன்று பறவைகள், மூன்றுமே வான்கோழி இல்லை. கினிக்கோழியின் அறிவியல் பெயரிலும் இன்றுவரை மெலியாக்ரிஸ் இரண்டாம் சொல்லாக இருக்கிறது.

ஔவையாரின் வான்கோழி

'கான மயிலாடக் கண்டிருந்த வான்கோழி' என்ற மூதுரை வரியை வைத்து, பறவை இங்கிருந்து போயிருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். மூதுரையை 12ஆம் நூற்றாண்டு அளவில் வைப்பது பொதுவான வழக்கம். அமெரிக்கப் பறவை 1492க்கு முன் கடலைக் கடந்ததற்குத் தடயம் இல்லை. அப்படியானால் இரண்டில் ஒன்று: அந்த வான்கோழி வேறொரு பறவை, அல்லது அந்த வெண்பா நாம் நினைப்பதை விடப் பிந்தியது. எது என்று தீர்ப்பது இலக்கிய ஆய்வாளர் வேலை. உங்கள் புத்தகத்துக்குத் தேவையானது, இன்றைய சொல்லின் பொருளை அன்றைய பாட்டுக்குள் திணிக்கக்கூடாது என்பது மட்டும். ஷேக்ஸ்பியரும் நான்காம் ஹென்றி நாடகத்தில் கூடையில் பட்டினி கிடக்கும் டர்க்கிகளைக் காட்டுகிறார். அந்த மன்னர் இறந்ததோ 1413இல், பறவை ஐரோப்பாவைப் பார்ப்பதற்கு நூறு ஆண்டுக்கு முன். இலக்கியத்தில் ஒரு பெயர் வருவதால் மட்டும் பறவை அங்கே இருந்தது என்று ஆகிவிடாது.

இந்தியாவுக்குள் வந்த வழிக்கு நல்ல சான்று இருக்கிறது. 1612இல் ஜஹாங்கீரின் அதிகாரி முகர்ரப் கான் கோவாவிலிருந்து சில விந்தையான உயிரினங்களை அரசவைக்குக் கொண்டுவந்தார். அவற்றில் ஒன்று வான்கோழி. அதன் பெயர் அங்கே யாருக்கும் தெரியவில்லை. பேரரசர் தம் நினைவுக் குறிப்பில் அதை விரிவாக வருணிக்கிறார்: பெண்மயிலை விடப் பெரிது, ஆண்மயிலை விடச் சிறிது, கிளர்ச்சியில் மயில்போல இறகை விரித்து ஆடும், தலையும் கழுத்தும் பச்சோந்திபோல நிமிடத்துக்கு ஒரு நிறம் மாறும். ஓவியர் மன்சூர் அதை வரைந்தார். படம் இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஔவையாரின் வரியையும் ஜஹாங்கீரின் வருணனையையும் எதிரெதிர்ப் பக்கத்தில் வைத்து, 'இரண்டும் ஒரே பறவையா?' என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். உங்கள் மூன்றாவது கூற்றைத் தலைகீழாகத் திருப்பச் சொன்னது இதற்காகத்தான்.

2022இல் நடந்தது

துருக்கி அதிபர் 2021 டிசம்பரில் 'துர்க்கியே' என்ற வடிவத்தையே பயன்படுத்தும்படி சுற்றறிக்கை விட்டார். 2022 ஜூனில் ஐக்கிய நாடுகள் சபை அதை ஏற்றது. சுற்றறிக்கை சொன்ன காரணம், தம் மக்களின் பண்பாட்டையும் விழுமியங்களையும் அந்த வடிவமே நன்றாகக் காட்டுகிறது என்பது. பறவையோடு வரும் குழப்பத்தையும், ஆங்கில அகராதியில் அந்தச் சொல்லுக்கு உள்ள 'படுதோல்வி', 'முட்டாள்' என்ற பொருள்களையும் எடுத்துச் சொன்னது அந்நாட்டு அரசு ஒளிபரப்பு நிறுவனத்தின் ஆங்கிலத் தளம். எனவே 'இதுவும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது' என்று எழுதலாம். அந்த வசைப் பொருள்கள் 20ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பேச்சில் வந்தவை. பெயரின் தோற்றத்தோடு சேர்க்காதீர்கள். பறவையின் பெயரை எந்த அரசும் மாற்றவில்லை, மாற்றும்படி கேட்கவும் இல்லை.

வெட்டினால் உங்களுக்கு என்ன உரிமை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 57ஆம் பிரிவு, படைப்பைச் சிதைத்தோ திரித்தோ ஆசிரியரின் நற்பெயருக்குக் கேடு செய்தால் தடுக்கவும் இழப்பீடு கேட்கவும் உரிமை தருகிறது. பதிப்பகம் உங்களைக் கேட்காமல் அந்தப் பக்கத்தில் தவறான ஒன்றை எழுதி உங்கள் பெயரில் வெளியிட்டால் இந்தப் பிரிவு உதவும். ஆதாரம் கேட்டுக் குறிப்பு எழுதுவதோ, ஆதாரமில்லாததை நீக்கச் சொல்வதோ சிதைப்பு ஆகாது. அந்த வாதத்தோடு போனால் தோற்பீர்கள் என்பது என் எண்ணம்.

ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைப் படியுங்கள். பிரதியை ஏற்பது பற்றிய விதி, திருத்தம் பற்றிய விதி, உள்ளடக்கத்தின் உண்மைக்கு யார் பொறுப்பு என்ற உறுதிமொழி. கடைசியது பெரும்பாலும் ஆசிரியர் தலையில்தான் இருக்கும். அதாவது பிழை அச்சானால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். பதிப்பாசிரியர் இப்போது உங்களைத்தான் காப்பாற்றுகிறார். நீங்களாக விலகினால் முன்பணத்தைத் திருப்பித் தர நேரலாம். மற்ற பத்தொன்பது பறவைகளையும் வேறு இடத்தில் வெளியிட எழுத்துமூலம் உரிமை மீட்பு தேவைப்படலாம். அந்த முடிவுக்குத்தான் வருவீர்கள் என்றால், கடிதம் அனுப்புமுன் ஒரு வழக்கறிஞரிடம் ஒப்பந்தத்தைக் காட்டுங்கள்.

இன்னொன்று. ஒரு சொல்லின் வரலாறு யாருக்கும் சொந்தமில்லை. அகராதி அதை எழுதியிருக்கும் வாசகம் சொந்தம். எனவே எந்த அகராதிப் பதிவையும் வரிக்கு வரி பெயர்க்காமல் உங்கள் நடையில் எழுதுங்கள். மன்சூரின் ஓவியம் நானூறு ஆண்டுப் பழையது. ஆனால் அருங்காட்சியகம் எடுத்த புகைப்படத்தை விற்பனை நூலில் அச்சிட அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும், கட்டணமும் இருக்கலாம்.

ஆதாரம் தேடும் முறை

ஒவ்வொரு கூற்றுக்கும் ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: மிகப் பழைய பதிவின் ஆண்டு, அப்போதைய பொருள், எந்த வழியாக வந்தது, அண்டை மொழிகள் என்ன சொல்கின்றன. தோகைக் கதை மூன்றாவது, நான்காவது கட்டங்களில் விழுந்ததைப் பார்த்தீர்கள். பழைய ஆங்கில நூல்களில் தேடும்போது இன்றைய எழுத்துக்கூட்டலை மட்டும் போட்டால் பாதி கிடைக்காது. கடைசியில் 'ஐ-ஈ' என்றும், 'ஈ' இல்லாமல் வெறும் 'ஒய்' என்றும் முடியும் வடிவங்களையும் போடுங்கள். 'ஏர்லி இங்கிலிஷ் புக்ஸ்' திரட்டில் 25,000 நூல்களின் தட்டச்சுப் பிரதிகள் 2015 முதல் இலவசம். கூகுள் புக்ஸில் வெளியீட்டு ஆண்டு அடிக்கடி தவறாக இருக்கும். தலைப்புப் பக்கத்தின் படத்தைத் திறந்து பார்க்காமல் ஆண்டை எழுதாதீர்கள். விக்சனரி வழிகாட்டத்தான், மேற்கோளுக்கு இல்லை. தமிழுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனும், பர்ரோ-எமனோ திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

பக்கத்தை இப்படித் தொடங்கலாம்

உங்கள் நடையைக் கெடுக்காமல் ஒரு மாதிரி மட்டும் தருகிறேன், விருப்பம்போல் மாற்றிக்கொள்ளுங்கள்:

'வான்கோழி அமெரிக்கப் பறவை. மெக்சிகோ மக்கள் அதை முதலில் வீட்டில் வளர்த்தார்கள். ஸ்பானியர் கப்பலில் ஏறி அது ஐரோப்பா வந்தது. இங்கிலாந்தில் அதற்கு டர்க்கிச் சேவல் என்று பெயர் வைத்தார்கள். துருக்கி வழியாக வந்த கினிக்கோழியோடு அதைக் குழப்பிக்கொண்டதால் என்று சிலரும், துருக்கி வணிகர்கள் கொண்டுவந்து விற்றதால் என்று சிலரும் சொல்கிறார்கள். ஆனால் துருக்கியில் போய்க் கேட்டால் அதன் பெயர் ஹிந்தி! இந்தியாவிலிருந்து வந்தது என்று அவர்கள் நினைத்தார்கள். இந்தியாவில் ஜஹாங்கீர் அரண்மனைக்கு அது வந்தபோது, அதன் பெயர் என்ன என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.'

இதற்குக் கீழே உலக வரைபடம் ஒன்று போட்டு, ஒவ்வொரு நாட்டிலிருந்தும் அது கைகாட்டும் நாட்டுக்கு அம்புக்குறி வரையச் சொல்லுங்கள். இங்கிலாந்திலிருந்து துருக்கிக்கு, துருக்கியிலிருந்து இந்தியாவுக்கு, நெதர்லாந்திலிருந்து கள்ளிக்கோட்டைக்கு, போர்ச்சுகலிலிருந்து பெருவுக்கு, மலேசியாவிலிருந்து நெதர்லாந்துக்கு. ஐந்து அம்பு போதும். அதற்கு மேல் போனால் வரைபடம் சிக்கலாகிவிடும்.

பதிப்பாசிரியருக்கு எழுதும்போது திருத்திய பக்கத்தோடு அந்த நான்கு கட்டத் தாளையும் இணைத்து அனுப்புங்கள். தோகைச் செய்தியை மயில் பக்கத்துக்கு மாற்ற இடம் கேளுங்கள். ஆறு வரி போதும், ஏற்றுக்கொள்வார் என்றே நினைக்கிறேன். ஓவியரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். கினிக்கோழிக்கு உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, தலையில் எலும்புக் கொம்பு. அது தோகை விரிக்காது. வான்கோழிச் சேவலுக்கு அலகின் மேல் தொங்கும் சதை, மார்பில் கறுப்பு முடிக்கற்றை, விசிறிபோல் விரியும் வால். இரண்டையும் அருகருகே வரையப்போகிற பக்கம் இது. அச்சுக்கு முந்தைய பிரதி வரும்போது படக்குறிப்புகள் இடம் மாறியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.